இன்னைக்கு மீன் கிடையாது

முந்நூறு மீன்கள் நீந்திக்கொண்டிருக்கிற கடைக்குள் நின்றுகொண்டு, மீன் கேட்டு வந்தவரிடம் "இல்ல" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்த அம்மாவுக்கு அது இருந்தது. தைரியம் என்று இப்போது சொல்கிறேன். முதல் நாள் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன்.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பூட்டு சாவிக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் அவருடைய வண்ணமீன் கடை இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவர் மகளோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. பெயரை நான் கேட்டதில்லை. சந்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான். ஐம்பதை ஒட்டிய வயது. நாற்று நடப் போகிற பெண்களைப்போலச் சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். அதில் வலது கை மட்டும் முழங்கை வரைக்கும் எந்நேரமும் ஈரமாக இருக்கும். மூக்குக் கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

உள்ளே வருகிறவரை "வாங்க" என்பார். அடுத்த வார்த்தை, "தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு?" அதற்கு வருகிற பதில் ஒரு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பேச்சு அத்தோடு சரி. "இன்னைக்கு மீன் கிடையாது."

தொட்டி தருவார், மோட்டார் தருவார், கூழாங்கல் தருவார். மீன் மட்டும் தரமாட்டார். மகளின் பிறந்தநாளுக்கென்று ஓடிவந்த ஒருவரிடம், "தொட்டியைக் கொண்டுபோய்த் தண்ணி ஊத்தி வைங்க. மீனு அடுத்த மாசம்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். "பிறந்தநாளு நாளைக்கும்மா" என்று அவர் கெஞ்சினார். "பிள்ளைக்கு நாளைக்குப் பிறந்தநாளு. மீனுக்கு நாளைக்குச் சாவு. வேணாம்" என்றார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். அக்கா கடையில் வியாபாரத்தைவிட வாய்த்தகராறுதான் ஜாஸ்தி என்று பக்கத்து டீக்கடைக்காரர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அந்தத் தகராறுகளால் டீ நன்றாக ஓடியது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை வேறு. பணி ஓய்வு பெற்ற வருடம் ஸ்ரீரங்கத்தில் மேலூர்ச் சாலைப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினோம். கிரகப்பிரவேசத்தன்று லால்குடியிலிருந்து வந்த என் மைத்துனர், வாஸ்துவுக்கு நல்லது என்று இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஹாலில் கொண்டுவந்து வைத்தார். எட்டுத் தங்கமீன், ஒரு கறுப்பு மீன். எட்டும் ஐசுவரியத்துக்கு, கறுப்பு கண்ணேறு கழிக்க. ஒரு பக்கம் ஹோமப் புகை. மறுபக்கம் அவர் கூட்டிவந்த மீன்கடைக்காரர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, மீன்களை விட்டு, விளக்கையும் போட்டுவிட்டு, சாப்பிட்டுப் போனார்.

நான்காம் நாள் ஒன்று மிதந்தது. என் மனைவி பெரிதாக வருத்தப்படவில்லை. "வந்தவங்க கண்ணு. நமக்கு வர இருந்ததை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள். மீன்தொட்டி வைத்திருக்கிற வீடுகளில் பாதிப் பேர் சொல்கிற சமாதானம்தான் இது. ஐந்தாம் நாள் இன்னொன்று போனது. இப்போது அவள் முகம் மாறிவிட்டது. காரணம், எங்கள் மகள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் தொடக்கம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. வளைகாப்பு முடிந்து அடுத்த வாரம் பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வர இருந்தாள்.

"ஏங்க, நமக்கு எத்தனை திருஷ்டிதாங்க இருக்கும்?" என்று மனைவி கேட்டாள். மூடநம்பிக்கை என்று வழக்கம்போல ஒரு பிரசங்கம் செய்திருப்பேன். அவள் கேட்ட குரலில் எனக்கு வாய் வரவில்லை. மைத்துனர் வாங்கிய கடைக்கே போய் இரண்டு மீன் வாங்கிவந்து எண்ணிக்கையை ஒன்பதாக்கினேன். ஏழாம் நாள் மூன்றாவது செத்தது. அதை மனைவி எழுந்திருக்கும் முன்பே எடுத்துக் காவிரிக்கரையில் புதைத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி விட்டேன். அவள் மாலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் மீனை எண்ணுவாள் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. முப்பது வருடம் ஆசிரியராக இருந்து காப்பி அடித்தவர்களைப் பிடித்தவன், அறுபது வயதில் மனைவியிடம் மீன் விஷயத்தில் காப்பி அடித்தேன்.

ஒன்பதாம் நாள் நான்காவது. அன்றைக்குப் பார்த்து அந்தக் கடை பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு சந்துக்குள் போனேன்.

"வாங்க. தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு?"

"ஒம்போது நாள்."

"எத்தனை உருப்படி இருக்கு?"

"ஒம்போது... இல்ல, இப்ப எட்டு."

"செத்தது?"

"நாலு."

"இன்னைக்கு மீன் கிடையாது."

"இதோ இத்தனை நீந்துதே!" என்றேன்.

"நீந்துது. உங்களுக்குக் கிடையாது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மாலைக்குள் ஒன்பது ஆகவேண்டும். கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு மகள், இரண்டு முறை கலைந்தது, மனைவியின் பயம், நான் செய்துகொண்டிருக்கிற திருட்டுத்தனம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு தொட்டியின் அடியிலிருந்த அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி வாளியில் விட்டபடியே கேட்டார். முடித்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சார், புது வீட்டுக்குப் பால் காய்ச்சுனீங்கல்ல. அந்த வீட்ல கக்கூஸுக்குக் குழாயே போடலைன்னு வைங்க. அதுல ஒம்போது பேரு குடியிருக்கீங்க. எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"அதான் உங்க தொட்டி. அதுங்க போறது அங்கேயே கிடக்கு. அது அம்மோனியாவா மாறி செவுள எரிக்குது. அதைத் தின்ன ஒரு கிருமி வரணும். அது தின்னுட்டு விடுறதும் விஷம்தான், நைட்ரைட்டு. அதைத் தின்ன இன்னொரு கிருமி வரணும். அப்புறம் வர்ற நைட்ரேட்டு அவ்வளவா பண்ணாது, தண்ணி மாத்துனா போயிடும். ரெண்டு கிருமியும் வந்து குடியேற மாசத்துக்கு மேல ஆகும். முதல்ல கிருமிக்குத்தான் சார் கிரகப்பிரவேசம். மீனுக்கு அப்புறம்."

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். எனக்குக் காது சூடானது.

"என்ன சார் வேலை பார்த்தீங்க?"

"வாத்தியார்."

"என்ன பாடம்?"

"அறிவியல்" என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு மெதுவாக.

கண்ணாடியை மூக்கில் ஏற்றி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, வருடம் தவறாமல் நடத்தியவன் நான். பொதுத்தேர்வுக்கு முக்கியமான கேள்வி என்று நட்சத்திரக் குறியும் போடச் சொல்வேன். அது என் வீட்டு ஹாலில் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று அவர் சொன்னது இவ்வளவுதான். எட்டில் நாலைத் தன் கடையில் கொண்டுவந்து விடவேண்டும். மீதி நாலுக்குத் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றவேண்டும். மாற்றுகிற தண்ணீரில் குளோரின் போக மருந்துச் சொட்டு விடவேண்டும். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ஒரு சிட்டிகை. பிறகு தன் பழைய தொட்டி ஒன்றின் வடிகட்டியிலிருந்து பழுப்பேறி வழவழவென்றிருந்த ஒரு பஞ்சை எடுத்து, தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டித் தந்தார். "கிருமி இதுலதான் இருக்கு. காயவிடாதீங்க. நேராப் போய் உங்க மோட்டாருக்குள்ள வச்சிடுங்க" என்றார். படியிறங்கும்போது கூப்பிட்டு, "ஒம்போது நாலாகிறது எப்படியும் தெரிஞ்சிடும் சார். வீட்ல உண்மையைச் சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். மனைவி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். "அப்ப ரெண்டு இல்ல, நாலா?" என்றாள். பிறகு எழுந்து, "நானும் வரேன். அந்தம்மாவை நான் பாக்கணும்" என்றாள்.

நாலு மீனைக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். கடையில் வேறு எதுவும் கேட்கவில்லை. "இது கெட்ட சகுனமாங்க? உள்ளதைச் சொல்லுங்க" என்றாள்.

"மீன் செத்தா கெட்டது மீனுக்குத்தான்க்கா" என்றார் அந்த அம்மா. "உங்க திருஷ்டியை அது எடுக்கல. அம்மோனியாவைத்தான் எடுத்துச்சு. நாம தண்ணியைக் கெடுத்துட்டு, நமக்காகச் செத்துச்சுன்னு அது மேலயே பழியைப் போடுறோம்."

இவ்வளவு கடுமையாக இவளிடம் சொல்லியிருக்க வேண்டாமே என்று எனக்குப் பட்டது. வீட்டில் விட்டுவந்த நாலில் கறுப்பும் இருந்தது; அது மட்டும் எங்களோடேயே இருக்கட்டும் என்று மனைவி கேட்டுக்கொண்டாள். பிறகு ஒன்பதாக்கிவிடலாமா என்றும் கேட்டாள். "ரெண்டடித் தொட்டிக்கு நாலே ஜாஸ்திக்கா" என்று பதில் வந்தது.

அதிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போவேன். அந்த அம்மா முன்பு ஏதோ ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாராம். சோதனைக் குழாயை இரண்டு விரலில் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டுவதில் அந்தப் பழக்கம் தெரியும். அம்மோனியாவுக்குச் சொட்டு விட்டால் மஞ்சளாக நிற்கவேண்டும், பச்சையானால் ஆபத்து. நைட்ரைட்டுக்கு வெளிர்நீலம் நல்லது, ஊதா கெட்டது. அவர் முகத்தைப் பார்த்தே நிறத்தைச் சொல்லிவிடலாம். பச்சை வந்த நாட்களில் டீ வாங்கித் தரமாட்டார்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் மணப்பாறைக்காரர் சம்பவம் நடந்தது. தொட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது என்று சொல்லி, அவர் அபூர்வமாக மீன் கிடைத்த மனிதராக நின்றிருந்தார். கவரைக் கையில் வாங்கிக்கொண்டு, "ரெண்டு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு சாயந்தரம் பஸ் ஏறணும்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். சித்திரை வெயில். அந்த அம்மா எழுந்து வந்து அவர் கையிலிருந்த கவரைப் பிடுங்கி, முடிச்சை அவிழ்த்து, மீன்களைத் திரும்பத் தொட்டியிலேயே விட்டுவிட்டார். அந்த ஆள் சந்தே அதிரக் கத்தினார். "திட்டுங்க. மீன் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனிதர்களிடம் இப்படியா நடந்துகொள்வது?

கேட்டும்விட்டேன். "இப்படி இருந்தா கடை எப்படிம்மா ஓடும்?"

"ஆரம்பத்துல கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன் சார். நல்லா ஓடுச்சு. மீன் செத்தா திரும்ப வருவாங்கல்ல, அதுதான் இந்தத் தொழில்ல ஓட்டமே. ராத்திரி கடையைச் சாத்தும்போது, நாளைக்கு எத்தனை சாகும், எத்தனை பேரு வருவாங்கன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன். ஒத்துவரல."

மகள் வந்து சேர்ந்தாள். நாலு மீனும் உயிரோடு இருந்தன. மூன்றாவது வாரம் தாண்டியதும் அம்மோனியா மஞ்சளில் நின்றது. அந்த அம்மா முதல்முறையாக எனக்கு டீ சொன்னார். நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் என் மனைவி வீட்டைக் கழுவி, நிலைப்படிக்கு மஞ்சள் வைத்து, பூஜைப் பாத்திரத்தைப் புளிபோட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு என்பதால் அன்று இன்னும் கொஞ்சம் கூடுதல். நான் நடைப்பயிற்சி முடித்து வந்தபோது மீன்தொட்டியின் பஞ்சு சமையலறை ஜன்னலில் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. "என்னா அழுக்குங்க! குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கசக்குனேன்" என்றாள் பெருமையாக.

உடனே அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பாதித் தண்ணி மாத்துங்க. வரேன்" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு, ஒரு டிபன் டப்பாவில் இன்னொரு பழுப்புப் பஞ்சை ஊறப் போட்டு, பஸ் பிடித்து வந்துவிட்டார். அவருடைய பெரிய தொட்டியில் இருந்த கடைசிப் பழைய பஞ்சு அது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சோபாவில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த மகளைத் தாண்டி நேராகத் தொட்டிக்குப் போனார். பஞ்சை உள்ளே பொருத்தினார், கறுப்பு மீனையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா இது, வர்றவங்க எல்லாரும் என் வயித்தைப் பாப்பாங்க. இவங்க அந்த மீனைப் பாக்குறாங்க" என்று மகள் என் காதில் சொன்னாள்.

மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் அவளிடம், "அக்கா, வீட்ல தயிருக்கு உறை ஊத்துவீங்கல்ல?" என்றார்.

"ஆமா."

"உறை மோரைக் கழுவிட்டு ஊத்துவீங்களா?"

மனைவி சிரிக்கப் போய், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ" என்றாள்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க. இனிமே அலசணும்னா தொட்டித் தண்ணியிலேயே ரெண்டு பிழி பிழிஞ்சா போதும். குழாயில காட்டாதீங்க, குளோரின் அத்தனையையும் கொன்னுடும்." சோதனைக் குழாயும் சொட்டு மருந்தும் அடங்கிய பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "சார் கொண்டுவந்தது போதும். நீங்களே பாருங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் மீன் விஷயத்தில் கருத்துச் சொல்வது நின்றுபோனது. மனைவி காலையில் பால் அடுப்பில் வைத்துவிட்டுச் சொட்டு விடுவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், நாட்காட்டியில் நிறத்தைக் குறித்துவைப்பாள். மாலையில் எண்ணுவதை மட்டும் விடவில்லை.

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் குடும்பத்தோடு வந்தார். தான் வாங்கிக்கொடுத்த மீன் இளைத்துவிட்டதே என்று ஆதங்கப்பட்டு, நாங்கள் பார்க்காத நேரத்தில் தொட்டியில் தீனியைக் கைநிறைய அள்ளிப் போட்டார். மறுநாள் விடிகாலையில் மகளுக்கு வலி எடுத்தது. நான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் துணிமணியோடு பின்னாலேயே வருவதாக மனைவி சொன்னாள். வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக்கினாள். இந்த நேரத்திலும் வீடு கழுவிவிட்டு வருகிறாளா என்று எனக்கு எரிச்சல்.

குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, கொஞ்சம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மருமகன் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி நடப்பேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மருமகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் மனைவி சொன்னாள். "ஏங்க, காலையில கறுப்பு போயிடுச்சு."

எனக்குப் பக்கென்றது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாகிவிட்டது, இருந்தும் பக்கென்றது. "எப்ப?"

"நீங்க கிளம்புனதுமே. லைட்டைப் போட்டேன், அடியில கிடந்துச்சு."

"இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

"உங்களுக்குத்தான் பயம் வந்துடும்" என்றாள். "தண்ணியைப் பார்த்தேன். நைட்ரைட்டு நல்ல ஊதா. தம்பி அள்ளிப் போட்டுட்டுப் போயிருக்கான், கல்லு இடுக்கெல்லாம் தீனி. எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு, பாதித் தண்ணி மாத்தி, மத்த மூணும் தெளிஞ்சு நீந்துதான்னு பார்த்துட்டு வந்தேன். அதான் லேட்டு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பாவமா இருந்துச்சு. பாப்பாவைப் பாக்க டாக்டர் இருக்காங்க. அதைப் பாக்க நான்தானே இருந்தேன்."

அந்தக் கடை அம்மாவுக்குப் போன் போட்டேன். "பேத்தி பிறந்திருக்காம்மா. ரெண்டு பேரும் சுகம்" என்றேன்.

"சந்தோசம் சார். மீனு?"

மனைவி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். என்ன நிறம், எவ்வளவு தண்ணீர், எத்தனை சொட்டு. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"மத்த மூணும் மேல வந்து வாயைத் திறக்குதாக்கா?"

"இல்லீங்க. கீழதான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"அப்பப் பிழைச்சுக்கும். சாயந்தரம் போய் இன்னும் கொஞ்சம் மாத்துங்க. தீனி ரெண்டு நாளைக்கு வேணாம்." பிறகு, "கறுப்புக்கு உங்க மேல வருத்தம் இருக்காதுக்கா" என்றார். அதற்கும் பிறகு, "குழந்தை என்ன எடை?" என்று கேட்டார்.

"ரெண்டே முக்கால் கிலோ" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு, இரண்டு மாதமாக அடக்கிவைத்திருந்த அழுகையை அந்த வராந்தாவில் நின்று அழுதாள்.